அதே குத்து, வேறு கைகள்: ‘ஒன் பஞ்ச் மேன்’ இரண்டாம் சீசன் சறுக்கியது ஏன்?

பாறையும் புழுதியுமாகக் கிடக்கும் ஆளில்லா வெளியில், உடல் முழுவதும் இயந்திரமாக மாற்றப்பட்ட ஜெனோஸ் என்னும் இளைஞன், தன் குருவான சைத்தாமாவின் மீது உள்ளங்கைகளிலிருந்து தீயைக் கக்கியபடி பாய்கிறான். அவனுடைய ஒவ்வோர் அடியும் பாறைகளைத் தூளாக்க, சைத்தாமா அசட்டையாக விலகிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் சைத்தாமாவின் முட்டி ஜெனோஸின் முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றுவிடுகிறது; குத்து விழாவிட்டாலும் அதன் காற்று மட்டுமே பின்னாலிருந்த மலையைப் பிய்த்தெறிந்துவிடுகிறது. சீடனின் நெற்றியில் மெல்லத் தட்டிவிட்டு, சாப்பிடப் போகலாம் என்கிறான் சைத்தாமா. 2015 நவம்பரில் ஒளிபரப்பான ‘ஒன் பஞ்ச் மேன்’ தொடரின் ஐந்தாம் அத்தியாயத்தில் வரும் இக்காட்சி, அனிமே எனப்படும் ஜப்பானிய அசைபடங்களில் சண்டையை எப்படி வரைய வேண்டும் என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

2019 ஏப்ரலில் அதே ஜெனோஸ் இரண்டாம் சீசனில் திரும்பி வந்தபோது, அவனுடைய கைகளில் அளவுக்கு மிஞ்சிய உலோக மினுக்கம் ஏறியிருந்தது. அந்தக் கைகளின் வீச்சில் பழைய கனம் இல்லை. சோனிக் என்னும் நிஞ்சாவோடு அவன் மோதும் இடத்தில், யார் எங்கிருந்து தாக்குகிறார் என்பதைக் கண் பின்தொடரும் முன்பே திரை மங்கலுக்கும் வேகக் கோடுகளுக்கும் ஒதுங்கிக்கொண்டது. பெயரும் கதையும் குரல்களும் அப்படியே இருக்க, பார்வையாளர்கள் எதை இழந்தோம் என்று தேடத் தொடங்கினார்கள். அந்தத் தேடல், 2025 அக்டோபரில் வெளியான மூன்றாம் சீசனும் அதே வசைகளைச் சந்தித்ததால், மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது.

இணையத்தில் பிறந்த மொட்டைத்தலை வீரன்

‘ஒன்’ என்ற புனைபெயரில் எழுதும் படைப்பாளி 2009-ல் தன் கைக்கு வந்த எளிய கோடுகளில் இணையத்தில் வரையத் தொடங்கிய சித்திரக்கதைதான் ‘ஒன் பஞ்ச் மேன்’. எந்த அரக்கனையும் ஒரே குத்தில் முடித்துவிடும் வலிமை கிடைத்ததால் வாழ்க்கையே சலித்துப்போன ஒரு வீரனின் கதை அது. ‘ஐஷீல்ட் 21’ தொடரை வரைந்து புகழ்பெற்றிருந்த யூசுகே முராத்தா, அதை 2012 முதல் ஷூயேஷா பதிப்பகத்தின் இணைய இதழில் மிக நுணுக்கமான மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக, மறுபடி வரைந்தார். ஒரே அசைவை அடுத்தடுத்த பக்கங்களில் சிறிது சிறிதாக நகர்த்தி, தாளிலேயே அசைபடத்தின் உணர்வைத் தரும் அவருடைய உத்தி, அனிமே வருவதற்கு முன்பே வாசகரின் எதிர்பார்ப்பை மிக உயரத்தில் வைத்துவிட்டது. முதல் சீசன் அந்த உயரத்தை எட்டியது என்பதே இரண்டாம் சீசனுக்குப் பெரிய சுமையானது.

பெட்டிச் செய்தி 1: இரண்டு சீசன்கள், ஒரு பார்வை

▪ முதல் சீசன்: 2015 அக்டோபர் – டிசம்பர், 12 அத்தியாயங்கள், ஸ்டுடியோ மேட்ஹவுஸ், இயக்குநர் ஷிங்கோ நட்சுமே.
▪ இரண்டாம் சீசன்: 2019 ஏப்ரல் – ஜூலை, 12 அத்தியாயங்கள், ஸ்டுடியோ ஜே.சி.ஸ்டாஃப், இயக்குநர் சிக்காரா சகுராய்.
▪ மாறாதவர்கள்: திரைக்கதை அமைப்பாளர் தொமோஹிரோ சுசுகி, பாத்திர வடிவமைப்பாளர் சிகாஷி குபோத்தா, இசையமைப்பாளர் மகோட்டோ மியாசாக்கி, சைத்தாமாவுக்குக் குரல் கொடுத்த மகோட்டோ ஃபுருகாவா, ஜெனோஸுக்குக் குரல் கொடுத்த கைட்டோ இஷிகாவா.
▪ மாறியவர்கள்: ஸ்டுடியோ, இயக்குநர், ஒலி இயக்குநர், இயக்குநரின் அழைப்பில் வந்து சண்டைகளை வரைந்த ஓவியர்களில் பெரும்பாலோர்.

தாளில் இருந்தது தங்கியது, கையில் இருந்தது போயிற்று

மேற்கண்ட பட்டியலே பாதி விளக்கத்தைத் தந்துவிடுகிறது. கதை, வடிவமைப்பு, இசை, குரல் ஆகிய நான்கும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்கு எடுத்துச்செல்லக்கூடியவை. அவற்றை ஒப்பந்தமாக எழுதலாம், கோப்பாகச் சேமிக்கலாம். ஒரு குத்தின் எடை எந்தக் கணத்தில் தோளிலிருந்து முட்டிக்கு இறங்க வேண்டும், எந்தக் கணத்தில் படம் நின்று மூச்சுவாங்க வேண்டும் என்ற அறிவு அப்படிப்பட்டதல்ல. அது அந்தக் காட்சியை வரைபவரின் கையில் இருக்கிறது, அவர் போகுமிடத்துக்கு அவரோடு போய்விடுகிறது.

முதல் சீசனைப் பற்றி எழும் பெரிய தவறான எண்ணம், அது மேட்ஹவுஸ் என்னும் நிறுவனத்தின் சாதனை என்பதாகும். ஜப்பானில் திறமையான சண்டைக்காட்சி ஓவியர்களில் மிகப் பலர் எந்த ஸ்டுடியோவின் ஊழியரும் அல்லர்; காட்சிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அழைப்பவரைப் பொறுத்து இடம் மாறும் தனியாட்கள். அதற்கு முன்பு போன்ஸ் ஸ்டுடியோவில் ‘ஸ்பேஸ் டாண்டி’ தொடரில் பணியாற்றியிருந்த நட்சுமே, தனக்கிருந்த நட்பையும் நற்பெயரையும் கொண்டே ஆட்களைத் திரட்டினார். யோஷிமிச்சி கமேதா, யுத்தாக்கா நக்காமுரா போன்ற, தனித்தனியே ரசிகர் கூட்டம் உள்ள ஓவியர்கள் அந்த 12 அத்தியாயங்களில் வந்து சேர்ந்ததற்கு அதுவே காரணம். அது ஒரு முறை கூடிய கூட்டம். தொடர் முடிந்ததும் கலைந்தது. நட்சுமே அதே மேட்ஹவுஸில் 2017-ல் ‘ஆக்கா 13’, 2019 ஜனவரியில் ‘பூகிபாப்’ என்று வேறு படைப்புகளுக்குப் போய்விட்டார். இரண்டாம் சீசனின் பொறுப்பு ஜே.சி.ஸ்டாஃபுக்கு என்று 2017-ல் அறிவிக்கப்பட்டபோது கைமாறியது ‘ஒன் பஞ்ச் மேன்’ என்ற பெயரும் தாளில் இருந்தவையும் மட்டுமே.

ஜே.சி.ஸ்டாஃப் கத்துக்குட்டி நிறுவனமும் அல்ல. 1986 முதல் இயங்கும் அந்த ஸ்டுடியோ ஒரே காலத்தில் பல தொடர்களை நடத்திப் பழகியது. அதுவே இங்கு இடைஞ்சலாயிற்று. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை ‘எ செர்டன் மேஜிகல் இண்டெக்ஸ்’ மூன்றாம் சீசன், 2019-ன் தொடக்கத்தில் ‘டேட் எ லைவ்’ மூன்றாம் சீசன், அதே ஆண்டு ஜூலையில் ‘தான்மாச்சி’ இரண்டாம் சீசன் என்று வேலைகள் வரிசைகட்டி நின்ற கூரையின் கீழேதான் சைத்தாமாவும் வந்து சேர்ந்தான்.

கதை கேட்டது அதிகம்

இந்தத் தொடரின் நகைச்சுவை ஓவியத்தின் மீது நிற்பது. முடிவு எப்போதும் தெரிந்ததுதான். சைத்தாமா ஒரு முறை குத்துவான், எதிரி சிதறுவான். ஆகவே அந்தக் குத்து சிரிப்பை வரவழைக்க வேண்டுமானால், அதற்கு முன்பு எதிரியின் பயங்கரம் உண்மையிலேயே பயங்கரமாகத் திரையில் எழுந்து நிற்க வேண்டும். மலை கிடுகிடுக்க வேண்டும், நகரம் தரைமட்டமாக வேண்டும். எதிரியின் வலிமையை வரைந்து நம்பவைக்க முடியாவிட்டால் குத்தும் வெறும் குத்தாகிவிடும், சிரிப்பும் போய்விடும். மற்ற சண்டைத் தொடர்கள் சுமாரான ஓவியத்தைக் கதையின் பரபரப்பால் ஈடுகட்டலாம். பரபரப்பையே கேலிசெய்யும் ஒரு தொடருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

இரண்டாம் சீசனின் கதைப்பகுதி இந்தச் சிக்கலை இரட்டிப்பாக்கியது. அதன் மையம் சைத்தாமா அல்ல. வீரர்களை வேட்டையாடத் துணிந்த காரோ என்னும் மனிதன். அவனிடம் வானத்தைப் பிளக்கும் சக்தி ஏதும் கிடையாது, கற்றுத் தேர்ந்த தற்காப்புக் கலை மட்டுமே உண்டு. ‘டேங்க் டாப் மாஸ்டர்’, ‘மெட்டல் பேட்’ ஆகியோருடனும், பிறகு தன் பழைய குருவான பேங்குடனும் அவன் மோதும் காட்சிகள், இடுப்பின் திருப்பம், பாதத்தின் ஊன்றல், எதிராளியின் வேகத்தைத் திசைதிருப்பும் கைவாகு ஆகியவற்றால் பேசுபவை. பெரிய வெடிப்பைப் புகையாலும் ஒளியாலும் ஓரளவு சமாளித்துவிடலாம். இரண்டு மனித உடல்கள் கைகலப்பதை வரைவதற்குக் குறுக்கு வழி கிடையாது. சைத்தாமா பொய் முடி வைத்துக்கொண்டு வேறொருவர் பெயரில் கலந்துகொள்ளும் தற்காப்புக் கலைப் போட்டியும் இதே வகைதான். தேர்ந்த கைகள் குறைந்த நேரத்தில், தேர்ந்த கைகளை மிகுதியாகக் கேட்கும் கதை வந்து வாய்த்தது.

பெட்டிச் செய்தி 2: ஒரு குத்து திரைக்கு வரும் பாதை

▪ கதைப்பலகை: ஒவ்வொரு காட்சித்துண்டின் கோணத்தையும் நீளத்தையும் இயக்குநர் சிறு ஓவியங்களாகத் திட்டமிடுவது, ஜப்பானியத்தில் ‘எகோன்தே’.
▪ மூல வரைவு: அசைவின் முக்கிய நிலைகளை மூத்த ஓவியர் வரைவது, ‘கெங்கா’.
▪ வரைவு மேற்பார்வை: பல கைகள் வரைந்தவற்றில் முகமும் உடலும் ஒன்றுபோல் இருக்கத் திருத்துவது, நேரம் போதாதபோது முதலில் அடிபடுவது இதுதான்.
▪ இடைவரைவு: மூல ஓவியங்களுக்கு இடையிலான அசைவை நிரப்புவது, ‘தோகா’. துறையில் மிகக் குறைந்த கூலி இதற்கே.
▪ வண்ணமும் தொகுப்பும்: கணினியில் நிறமிட்டு, பின்னணி, ஒளி, மங்கல் ஆகியவற்றைச் சேர்ப்பது. ஜெனோஸின் கையில் ஏறிய மினுக்கம் இந்தக் கட்டத்துச் சேர்க்கை.
▪ எண்ணிக்கை: திரையில் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடினாலும், ஓர் ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று சட்டங்களுக்கு நிறுத்துவதால் நொடிக்கு 12 அல்லது 8 ஓவியங்களே பொதுவாக வரையப்படுகின்றன.

பணம் போடுபவர் வேறு, வரைபவர் வேறு

ஜப்பானிய அனிமே பெரும்பாலும் ‘தயாரிப்புக் குழு’ என்ற ஏற்பாட்டில் உருவாகிறது. பதிப்பகம், தொலைக்காட்சி நிறுவனம், இசை மற்றும் வட்டு வெளியீட்டாளர், பொம்மை நிறுவனம், விளம்பர முகமை எனப் பலர் பணத்தைப் பங்குபோட்டு, வரும் லாபத்தையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொள்வதே அந்த ஏற்பாடு. ஒரு தொடர் தோற்றால் எவரும் முழுதாக மூழ்கிவிடுவதில்லை என்பது இதன் நன்மை. படத்தை உண்மையில் வரையும் ஸ்டுடியோ பல நேரங்களில் அக்குழுவில் உறுப்பினராக இல்லாமல், பேசிய தொகைக்கு வேலை செய்துகொடுக்கும் ஒப்பந்தக்காரராகவே நின்றுவிடுவது இதன் தீமை. தொடர் உலகப்புகழ் பெற்றாலும் அந்த ஸ்டுடியோவின் கணக்கில் கூடுதலாக ஒரு யென்கூட ஏறாமல் போகலாம். எனவே அது பிழைத்திருக்க அடுத்தடுத்த வேலைகளை ஒப்புக்கொண்டே ஆக வேண்டியிருக்கிறது. அப்படி ஒப்புக்கொள்வதே ஒவ்வொரு வேலைக்கும் கிடைக்கும் நேரத்தைக் குறைத்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒளிபரப்புத் தேதி கல்லில் எழுதியதுபோல் நிற்கும், அதற்கு முன்னாலுள்ள எல்லாம் நெருக்கப்படும். கதைப்பலகை ஒரு மாதம் தாமதித்தால், அந்த ஒரு மாதத்தைக் கடைசியில் இருப்பவர்களே, அதாவது மூல வரைவாளரும் இடைவரைவாளரும் தொகுப்பாளருமே தம் தூக்கத்தால் அடைக்கிறார்கள். ஜப்பான் அனிமேஷன் படைப்பாளிகள் சங்கம் 2015-ல் வெளியிட்ட ஆய்வின்படி, துறையின் சராசரி ஆண்டு வருமானம் சுமார் 33 லட்சம் யென்னாக இருந்தபோது, இடைவரைவாளரின் சராசரி சுமார் 11 லட்சம் யென் மட்டுமே. மாறாக, ஜப்பானிய அசைபடங்களின் சங்கம் கணக்கிட்ட அனிமே சந்தையின் மொத்த மதிப்பு 2023-ல் 3.3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது.

நல்ல படத்தைத் தந்த ஸ்டுடியோ நல்ல பணியிடமாகவும் இருந்திருக்கும் என்று கருதுவதும் பிழையாகிவிடும். இரண்டாம் சீசன் ஒளிபரப்பைத் தொடங்கிய அதே 2019 ஏப்ரலில், மேட்ஹவுஸில் தயாரிப்பு உதவியாளராக இருந்த ஒருவர் ஒரே மாதத்தில் 393 மணி நேரம் வேலை பார்த்ததாகத் தொழிற்சங்கம் ஒன்றின் மூலம் வெளியே சொன்னார். இரு ஸ்டுடியோக்களில் ஒன்றை நாயகனாகவும் மற்றொன்றை வில்லனாகவும் ஆக்கும் ரசிகர் விவாதத்துக்கு அந்தச் செய்தி இடம் தரவில்லை.

அதே ஆண்டு, வேறு முடிவுகள்

இரண்டாம் சீசன் என்றாலே சறுக்கல்தான் என்ற முடிவுக்கு வருவதற்கில்லை என்பதை அதே 2019 நிறுவியது. ‘ஒன்’ எழுதிய இன்னொரு கதையான ‘மாப் சைக்கோ 100’-ன் இரண்டாம் சீசன் அவ்வாண்டு ஜனவரியில் தொடங்கி ஏப்ரல் தொடக்கத்தில் முடிந்தது. முதல் சீசனை உருவாக்கிய போன்ஸ் ஸ்டுடியோ, இயக்குநர் யூசுரு தச்சிகாவா, பாத்திர வடிவமைப்பாளர் கமேதா ஆகிய அனைவரும் அதில் தொடர்ந்தார்கள். முதலாவதை விடவும் அது உயர்ந்தது என்று பாராட்டப்பட்டது. ஒரே எழுத்தாளரின் இரு படைப்புகள், ஒரே ஆண்டில் இரண்டாம் சீசன், நேரெதிரான முடிவுகள். அது முடிந்த சில நாட்களிலேயே சைத்தாமா திரும்பி வந்ததால், பார்வையாளர் ஒப்பிடாமல் இருக்க வழியே இல்லாமல் போயிற்று.

அதே ஏப்ரலில்தான் ‘கிமெட்சு நோ யாய்பா’, அதாவது ‘டீமன் ஸ்லேயர்’, முதல் சீசனும் தொடங்கியது. அதை உருவாக்கிய யூஃபோடேபிள், ஓவியர்களில் பெரும்பாலோரைத் தன் ஊழியராகவே வைத்திருக்கும் ஸ்டுடியோ. அனிபிளெக்ஸ், ஷூயேஷா ஆகியவற்றோடு தயாரிப்புக் குழுவிலும் அது ஓர் உறுப்பினர். 2020-ல் வந்த அதன் திரைப்படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியபோது, வரைந்த நிறுவனத்துக்கும் அதில் பங்கு இருந்தது. அத்தொடரின் ‘இன்ஃபினிட்டி காசில்’ திரைப்படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரல்களோடு திரையரங்குகளுக்கு வந்து சேரும் அளவுக்கு, அதே கைகள் ஒரே படைப்பில் நிலைத்து நின்றன.

ஸ்டுடியோ மாறினாலே கெடும் என்பதும் உண்மையல்ல. ‘வின்லாண்ட் சாகா’ 2019-ல் விட் ஸ்டுடியோவிலும், 2023-ல் மாப்பாவிலும் உருவானது. இயக்குநர் ஷூஹே யாபுத்தா இரண்டுக்கும் பொறுப்பாக இருந்ததால் தொடரின் நடை அறுபடவில்லை. ஆக, தொடர்ச்சியைக் காப்பது கட்டடத்தின் பெயர்ப்பலகையல்ல, சேர்ந்து இடம்பெயரும் ஆட்கள்.

பெட்டிச் செய்தி 3: சறுக்கலின் வேறு வகைகள்

▪ கதை விலகல்: ‘டோக்கியோ கூல்’ இரண்டாம் சீசன் (2015). ஸ்டுடியோவும் இயக்குநரும் மாறவில்லை. ஆனால் நாயகன் கனேகி மங்காவில் இல்லாத விதமாக எதிரி அமைப்பில் சேர்ந்ததால், வாசகர்கள் அறிந்த கதை முறிந்தது.
▪ கதைச் சுருக்கம்: ‘தி பிராமிஸ்ட் நெவர்லாண்ட்’ இரண்டாம் சீசன் (2021). முதல் சீசன் மங்காவின் முதல் ஐந்து தொகுதிகளுக்குள் நின்றது. மீதி முழுவதும் 11 அத்தியாயங்களுக்குள் திணிக்கப்பட்டது. வாசகர்கள் மிகவும் விரும்பிய ‘கோல்டி பாண்ட்’ பகுதி அடியோடு நீக்கப்பட்டது. கதையின் முடிவு அசையாப் படங்களின் வரிசையாக ஓடி முடிந்தது.
▪ உழைப்பின் விலை: ‘ஜுஜுட்சு கைசன்’ இரண்டாம் சீசன் (2023). திரையில் வியப்பூட்டியது, ஆனால் ஒளிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அதை வரைந்தவர்கள் கால நெருக்கடியைப் பற்றி வெளிப்படையாகக் குமுறினார்கள்.

வசை போய்ச் சேரும் முகவரி

சறுக்கலின் முதல் விளைவு, பழி தவறான இடத்தில் விழுவது. தயாரிப்புக் குழுவுக்கு முகம் கிடையாது. இயக்குநருக்கும் ஓவியருக்கும் பெயரும் சமூக ஊடகக் கணக்கும் உண்டு. தேதியைக் குறித்தவரும் தொகையைத் தீர்மானித்தவரும் திரைக்குப் பின்னால் இருக்க, கிடைத்த நேரத்துக்குள் இயன்றதைச் செய்தவரே ரசிகரின் கோபத்துக்கு இலக்காகிறார். 2025-ல் மூன்றாம் சீசன் வெளிவந்தபோது இது மிக மோசமான வடிவத்தை எடுத்தது: அதன் இயக்குநர் ஷின்பெய் நகாய், தனிப்பட்ட தாக்குதல்களுக்கு நடுவே எக்ஸ் தளத்திலிருந்தே வெளியேறினார். மறு சீசனுக்கு நல்ல ஓவியரை அழைக்க வேண்டிய நிலையில், அழைப்பை ஏற்பவர் வசையையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்றாகிவிட்டால், அழைப்புக்கு இணங்குபவர்கள் இன்னும் குறைவார்கள்.

இரண்டாவது விளைவு, தொடரின் ஆயுளைப் பற்றியது. இரண்டாம் சீசனுக்கும் மூன்றாம் சீசனுக்கும் இடையே ஆறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. முதல் சீசனைப் பள்ளி மாணவராகப் பார்த்தவர் மூன்றாவது வரும்போது வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டார். இதற்கிடையே காரோவின் கதையை முராத்தா மங்காவில் விரித்து, சில பகுதிகளைத் திரும்பவும் வரைந்து வெளியிட்டதால், மிக முக்கியமான மோதல்களின் இறுதி வடிவம் அசைபடத்தில் இல்லாமல் தாளிலேயே தங்கிவிட்டது. முதல் சீசன் மங்காவுக்கு வாசகரை அனுப்பியது. இரண்டாம் சீசனும் அனுப்பியது, ஆனால் இம்முறை அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். புத்தகம் விற்றால் பதிப்பகத்துக்கு நட்டமில்லை என்பதால், குழுவின் ஓர் உறுப்பினருக்காவது தோல்வியின் வலி முழுதாகத் தெரியாமல் போகிறது. திருத்திக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அந்த அளவுக்குத் தளர்கிறது.

மூன்றாவது விளைவு ஓவியர் சந்தையில் தெரிகிறது. நல்ல கைகள் கலைந்துவிடும் என்ற அச்சத்தால், குறிப்பிட்ட காலத்துக்கு வேறிடம் போகாமல் இருக்க மாதாந்தரத் தொகை கொடுத்து ஓவியர்களைப் பிடித்துவைக்கும் வழக்கம் ஸ்டுடியோக்களிடம் வலுத்திருக்கிறது. பெயர்பெற்ற சிலருக்கு இது நிலையான வருமானம் தருகிறது. ஆனால் ஆண்டுக்கு 300 அளவில் தொலைக்காட்சித் தொடர்கள் வெளியாகும் துறையில், வசதியுள்ள ஒருசில ஸ்டுடியோக்கள் தேர்ந்தவர்களை வளைத்துக்கொண்டால், மற்றவை புதியவர்களையும் வெளிநாட்டுத் துணை ஒப்பந்தங்களையும் நம்பியே ஓட வேண்டியிருக்கிறது. இடைவரைவில் தொடங்கி, மூத்தவரின் திருத்தங்களைப் பார்த்துப் பார்த்து மூல வரைவுக்கு உயரும் பழைய பயிற்சிப்படி இதனால் உடைகிறது; திருத்தித்தர மூத்தவர் பக்கத்தில் இல்லாத இளைஞர், அதே பிழைகளோடு அடுத்த தொடருக்குப் போகிறார். எனவே ஒரு தொடரின் சறுக்கல், அடுத்த பத்து ஆண்டுகளில் வரவிருக்கும் சறுக்கல்களின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும்.

மாற்றம் எங்கிருந்து?

தீர்வுக்கான முயற்சிகள் பல திசைகளில் தொடங்கியிருக்கின்றன. கியோட்டோ அனிமேஷன் நெடுங்காலமாகவே ஓவியர்களைத் தானே பயிற்றுவித்து மாதச் சம்பளத்தில் வைத்திருக்கிறது. மாப்பா ஸ்டுடியோ 2022-ல் ‘செயின்சா மேன்’ தொடரைத் தயாரிப்புக் குழு இல்லாமல் முழுச் செலவையும் தானே ஏற்று எடுத்தது. தோற்றால் முழு நட்டமும் தனதே என்றாலும், வென்றால் வரைந்தவருக்கே வருமானம் என்ற கணக்கு அது. அரசுத் தரப்பில், 2024 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தனியாள் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், பணியின் விவரத்தையும் கூலியையும் எழுத்தில் தர வேண்டும், வேலையைப் பெற்றுக்கொண்ட 60 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. வாய்ப்பேச்சிலேயே வேலை நடந்த ஒரு துறைக்கு இது சிறிய மாற்றமல்ல. ஆயினும் கூலியின் அளவையோ ஒளிபரப்புத் தேதியையோ அச்சட்டம் தொடவில்லை.

அந்த இரண்டையும் தொடக்கூடியவர்கள் குழுவில் பணம் போடுபவர்களே. ஒரு வெற்றித் தொடருக்கு அடுத்த சீசனை அறிவிக்கும் முன், முதல் சீசனை வரைந்தவர்கள் எப்போது ஓய்வாக இருப்பார்கள் என்று கேட்டு அதற்கேற்பத் தேதி குறிப்பதும், ஸ்டுடியோவுக்கு லாபத்தில் பங்கு தந்து அந்த ஆட்களைத் தக்கவைக்கும் வசதியை அதற்கு உண்டாக்குவதும் அவர்களால் இயலும். பார்வையாளருக்கும் இதில் ஒரு வேலை உண்டு: புதிய சீசனின் முன்னோட்டத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன், இயக்குநர் யார், அவரோடு யார் வருகிறார்கள், ஸ்டுடியோவின் பெயர் தயாரிப்புக் குழுவின் பட்டியலிலும் இருக்கிறதா என்ற மூன்று விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். அவை மூன்றுமே வெளிப்படையாகக் கிடைப்பவை. ‘ஒன் பஞ்ச் மேன்’ இரண்டாம் சீசனின் இயக்குநரும் ஸ்டுடியோவும் யார் என்பது 2017-லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. 2019-ல் ஏமாந்தவர்களில் பலர், அந்த அறிவிப்பில் தொடரின் பெயரை மட்டுமே படித்தவர்கள்.